சாரல் கை

1

இந்த ஐப்பசியோடு குத்தாலிங்கம் காணாமல் போய் ஏழு வருடம். நாள் கணக்கை நான் வைத்திருக்கவில்லை. தென்காசியில் ஒரு வக்கீல் எனக்கும் சேர்த்து வைத்திருந்தார். போன மாதம் அவரிடமிருந்து மின்னஞ்சலில் மூன்று பக்கம் வந்தது. மேலே என் பெயர், என் வாப்பா பெயர், பழைய தென்காசி முகவரி, இப்போது குடியிருக்கும் கிளாஸ்கோ முகவரி. அதற்குக் கீழே: மேற்படி குத்தாலிங்கத்தின் நெருங்கிய நண்பனும், அவரிடமிருந்து கடைசியாகத் தகவல் பெற்றவனுமாகிய நான், கடந்த ஏழு வருடங்களாக அவர் உயிரோடு இருப்பதாக நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த விவரமும் அறியவில்லை என்று உறுதி கூறுகிறேன். கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

சட்டம் எளிமையானதுதான். ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்கெல்லாம் தகவல் வந்திருக்குமோ, அவர்கள் யாருக்கும் ஏழு வருடம் தகவல் இல்லையென்றால், அவரை இறந்தவராகக் கொள்ளலாம். அப்படி அறிவிக்கச் சொல்லி லிங்கத்தின் மனைவி செண்பகம் கோர்ட்டுக்குப் போகிறாள். அவள் ஒரு சாட்சி, லிங்கத்தின் அண்ணன் ஒரு சாட்சி, மூன்றாவது நான்.

செண்பகம் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் விற்பனைச் சீட்டு எழுதுகிறாள். அச்சன்புதூரிலிருந்து வெண்டைக்காய் கொண்டுவரும் ஒருவர், மனைவியை இழந்தவர், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். அவளுக்கும் சம்மதம். கோர்ட்டுத் தாள் வந்தால் தையில் கல்யாணம். வராவிட்டால் அவள் இன்னும் லிங்கத்தின் மனைவி. போனில் ஒரு தடவை சொன்னாள்: "பொட்டு வச்சா ஒருத்தி பாக்கா, வைக்கலன்னா இன்னொருத்தி பாக்கா. என்னைய என்னதாண்ணே செய்யச் சொல்லுதாவ?"

இவ்வளவும் தெரிந்தும் அந்தக் கோட்டை மூன்று வாரத்துக்கு மேல் காலியாக வைத்திருந்தேன். காரணத்தைச் சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். காரணம் சீட்டாட்டம்.

2

ஐந்தருவிக்குப் போகிற வழியில் லிங்கத்துக்கு ஒரு கடை இருந்தது. ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய், மலைத்தேன். அருவியில் தண்ணீர் விழும் சீசன் மூன்று மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. மீதி நாளெல்லாம் ஈ ஓட்டுவான். நான் அப்போது தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மத்தியானம் வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போய்விடுவேன். கல்லூரி விடுதியில் கற்ற போக்கரை அவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் என்னைத் துடைத்து எடுத்துவிட்டான்.

காசு வைத்து ஆடக் கூடாது என்று சொல்லித்தான் வாப்பா வளர்த்தார். சீட்டையே தொடக் கூடாது என்றும் சொன்னார். அதில் பாதியைக் கடைப்பிடித்தேன். காசுக்குப் பதில் கடையில் இருந்ததை வைத்தோம். கிராம்பு ஒன்று, ஏலக்காய் பத்து, ஜாதிக்காய் நூறு. ஆட்டம் முடிந்ததும் எல்லாம் டப்பாவுக்குள் திரும்பிவிடும். அந்தக் கிராம்பை வாங்கிப் போய்ப் பிரியாணிக்குப் போட்ட வெளியூர்க்காரர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்கக் கூடாது. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். ஒருவன் வைத்தால் மற்றவன் அதே அளவு வைக்கலாம், ஏற்றலாம், இல்லை கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். கடைசியில் ஏழில் நல்ல ஐந்து சேர்ந்தவன் ஜெயித்தான்.

நல்ல கை வந்தாலும் பிரச்சினை இல்லை, மோசமான கை வந்தாலும் இல்லை. மண்டையைக் குடைவது நடுவில் இருப்பது. கையில் எட்டும் ஒன்பதும் இருக்கும், நடுவில் ஐந்தும் ஆறும் கிடக்கும். ஒரு ஏழு வந்தால் வரிசை சேர்ந்துவிடும். வராவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை. ஒரு சீட்டுக்கட்டில் இருப்பது நாலே நாலு ஏழுதான். இந்தக் கைக்கு நாங்கள் சாரல் கை என்று பெயர் வைத்திருந்தோம். சாரல் அடிக்கும், முகம் நனையும், ஆனால் அருவியில் தண்ணீர் விழுமா என்பது மலைக்கு மேலே நடப்பதைப் பொறுத்தது. கீழே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

நான் கணக்குப் போடுகிறவன். வேண்டிய சீட்டு எத்தனையோ அதை, இன்னும் இரண்டு சீட்டு வர இருந்தால் நாலால் பெருக்கு. ஒன்றுதான் பாக்கி என்றால் இரண்டால் பெருக்கு. நூற்றுக்கு அவ்வளவு வாய்ப்பு. நாலு ஏழு என்றால் முதலில் பதினாறு, பிறகு எட்டு. நான் வைக்க வேண்டியதைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு நடுவில் குவிந்திருந்தால் வைப்பேன். இல்லையென்றால் கவிழ்த்துவிட்டு டீ குடிப்பேன்.

லிங்கம் வேறு மாதிரி. சாரல் கை வந்தால் காதைச் சொறிந்துகொண்டு, நான் திட்டும் வரை உட்கார்ந்திருப்பான். பிறகு நான் வைத்ததைப் போல மூன்று மடங்கு ஏற்றுவான். "ஏலே மைதீனு, ஏத்தினா ரெண்டு வழி இருக்குலே. நீ பயந்து எந்திரிச்சிருவ, இல்லன்னா எனக்கு ஏழு வருது. உன்னய மாதிரி ஈடு வச்சிட்டு உக்காந்திருந்தா ஒரே வழிதான்." அடுத்த சீட்டும் உதவவில்லையென்றால் முரண்டு பிடிக்க மாட்டான். கவிழ்த்துவிடுவான். ஆனால் கவிழ்க்கும்போது இரண்டில் சின்னச் சீட்டை மட்டும் திருப்பிக் காட்டுவான். முழுப் பொய்யும் சொல்லவில்லை என்பதற்கு அத்தாட்சியாம்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்குள் இருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் கடைக்கு ஆள் வந்துவிட்டால், யாராவது ஒருவன் ஒரே ஒரு கிராம்பை நடுவில் வைப்பான். எழுந்திருக்க வேண்டும், சீக்கிரம் முடிப்போம் என்று அர்த்தம். மற்றவன் கையில் எவ்வளவு பெரிய கை இருந்தாலும் ஏற்றக் கூடாது, பதிலுக்கு ஒரு கிராம்பு வைக்க வேண்டும். அதன் பிறகு அந்த ஆட்டத்தில் பந்தயம் கிடையாது. மீதிச் சீட்டைப் பார்த்துவிட்டு, வந்த ஆளுக்குத் தேன் நிறுக்கப் போய்விடுவோம். உலகத்தில் வேறு எந்த மேசையிலும் இந்த விதி இருக்க வாய்ப்பில்லை.

3

கிளாஸ்கோவுக்கு வந்து பதினொரு வருடம். இங்கே வருடம் முழுக்கச் சாரல்தான், விழுவதற்குத்தான் அருவி இல்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு மத்தியான ஷிஃப்ட். காலையில் மனைவி வேலைக்குப் போன பிறகு, மகள் ரைஹானாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, துணியை உள்ளேயே காயப்போட்டுவிட்டு, டீயோடு உட்கார்ந்தால் வீட்டில் சத்தமே இருக்காது. வந்த புதிதில் அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் போனில் இலவசமாக ஆடும் போக்கர் விளையாட்டு ஒன்றை இறக்கி லிங்கத்தையும் சேர்த்தேன். வியாழக்கிழமைதோறும் ஊரில் மணி மூன்று ஆகும்போது ஆடுவோம். அப்போது அவனுக்கு வியாபாரம் படுத்திருக்கும் நேரம்.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு நான் விண்ணப்பித்துக் காத்திருந்த காலம் அது. ஒவ்வொரு வருடமும் ஒரு படிவம், ஒரு கட்டணம், கைரேகை, பிறகு மௌனம். "உனக்கு வந்திருக்கதும் சாரல் கைதாம்லே" என்பான் லிங்கம். அவன் எதையும் குத்திக்காட்டிச் சொல்கிறவன் இல்லை. ஆனால் கடைசி வருடம் ஒரு தடவை, "ஒனக்கென்ன, கெளம்பிப் போயிட்ட. நான் இங்கன அருவியக் காவல் காத்துட்டு கெடக்கேன்" என்றான். நான் அதைச் சிரித்து விட்டுவிட்டேன். இப்போது அந்த ஒரு வரியைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு அந்த ஐப்பசி. இரண்டு நாள் விடாத மழை. வியாழக்கிழமை மத்தியானம் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். "மைதீனு, இன்னைக்கி ஆட்டம் வேண்டாம். தண்ணி சத்தம் மாறிருச்சுலே. கடைய ஒரு பார்வை பாத்துட்டு வாரேன்." பின்னால் இரைச்சல். அவ்வளவுதான்.

கடை இருந்த இடத்தில் மறுநாள் சேறும் பாறையும் கிடந்தன. உடம்பு கிடைக்கவில்லை. வண்டி மட்டும் கிடைத்தது, ஐந்தருவியில் இல்லை, செங்கோட்டை ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடை வாசலில். வண்டியும் பூட்டியிருந்தது, சாவி எடுக்கப்பட்டிருந்தது. ரோட்டில் தண்ணீர் ஓடியதால் வண்டியை மேட்டில் விட்டுவிட்டு நடந்து போயிருப்பான் என்றார்கள் போலீஸார். டீக்கடைக்கு எதிரேதான் கேரளாவுக்குப் போகிற பஸ் நிற்கும் என்று வேறு சிலர் சொன்னார்கள். நான் போலீஸ் பக்கம் நின்றேன்.

4

அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டேன். இந்த வருடம் சித்திரையில்தான், எதற்கென்று தெரியாமல், மறுபடி இறக்கினேன். பழைய கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்ததால் புதுப் பெயரில் நுழைந்தேன்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, இங்கே காலை பத்தரை. மேசையில் என்னைத் தவிர ஒரே ஒரு ஆள். படம் இல்லை, பெயர் நாலு எழுத்தும் நாலு எண்ணும். நான் கொஞ்சம் வைத்தேன். முறைக்கு எவ்வளவு நேரம் பாக்கி என்று காட்டும் அந்த ஆளின் நேரக் கோடு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பாகி, அணையப்போகிற நொடியில் மூன்று மடங்கு ஏற்றினான். நாலாவது சீட்டு விழுந்தது. நான் மறுபடி வைத்தேன். அவன் கவிழ்த்தான். கவிழ்த்துவிட்டு ஒரு சீட்டைக் காட்டினான். டைமன் நாலு. சின்னச் சீட்டு.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

அடுத்த வியாழனும் அதே மேசைக்கு வந்தான். அதற்கடுத்ததும். வேறு கிழமைகளில் தேடினேன், இல்லை. எல்லாக் கையையும் அவன் அப்படி ஆடுவதில்லை. நல்ல கை என்றால் சட்டென்று வைப்பான், மோசம் என்றால் சட்டென்று கவிழ்ப்பான். பாதி சேர்ந்து பாதி சேராத கைக்கு மட்டும்தான் அந்தக் காத்திருப்பு. இந்த விளையாட்டில் பேச முடியாது, கட்டைவிரல், சிரிப்பு, அழுகை என்று ஆறு பொம்மைகள் மட்டும் அனுப்பலாம். நான் ஆறையும் அனுப்பிப் பார்த்தேன். அவன் ஒன்றுகூட அனுப்பவில்லை.

அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அந்த வாரம் வழக்கப்படி பத்தரைக்குப் போனால், அவன் எழுந்து போய்க்கொண்டிருந்தான். அடுத்த வாரம் ஒன்பதரைக்கே போய்க் காத்திருந்தேன். சரியாக வந்து உட்கார்ந்தான். அவன் இருக்கும் ஊரில் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை. ஊரில் அப்போது மணி மூன்று.

5

ரைஹானாவுக்குப் பதினாறு வயது. ஏதாவது வேண்டுமென்றால்தான் என்னிடம் தமிழ் பேசுவாள். கணக்கில் புலி. அவளிடம் சொன்னேன்.

"யாரு, வாட்டர் அங்கிளா?" என்றாள். லிங்கம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பழைய அருவிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் மட்டும்தான்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "வாப்பா, லேட்டா ஏத்துறது, ஒரு கார்டு காட்டுறது, வியாழக்கிழமை, மூணும் சேருதுன்னு சொல்றீங்க. இந்த கேம்ல இதே மாதிரி ஆடுறவங்க எத்தனை பேர்னு தெரியுமா? கீழ இருக்கிற நம்பர் தெரியாம மேல இருக்கிற நம்பரை வச்சு என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணும் தோணல. நீங்க ஃபோல்ட் பண்ணுங்க, சீட்டைக் கவுத்திட்டு கையெழுத்து போடுங்க. அந்த ஆன்ட்டி வெயிட் பண்றாங்க இல்ல?"

சரியான பதில். எரிச்சலாகவும் இருந்தது. இந்த ஊர் என் பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறது என்று கடுகடுத்துக்கொண்டே சிங்க்கைத் தேய்த்தேன்.

பாத்திரம் கழுவும்போது நானும் கணக்குப் போட்டேன். அவன் உயிரோடு இருக்க நூற்றுக்கு எட்டு என்றே வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட்டு அவன் உயிரோடு இருந்தால் நான் பொய்ச் சாட்சி. போடாமல் அவன் இறந்திருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு போன் விளையாட்டுக்காக நிறுத்தி வைத்தவன். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கேட்ட சீட்டு வந்தும் தோற்கிற கைகள் இருக்கின்றன. ஐந்தும் ஒரே இனமாகச் சேர்வதற்காக, சின்னச் சின்ன ஆர்ட்டின் சீட்டு நாலை வைத்துக்கொண்டு ஐந்தாவது ஆர்ட்டினுக்காகக் காத்திருப்போம். வரும். எதிராளியிடம் பெரிய ஆர்ட்டின் இருக்கும். லிங்கம் உயிரோடு இருந்தால் எனக்கு நண்பன் கிடைப்பான். செண்பகத்துக்கு என்ன கிடைக்கும்? வண்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போன ஒரு ஆள்.

6

நோட்டரி அலுவலகத்துக்கு ஒரு தடவை போகத்தான் செய்தேன். நோட்டரி, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள். என் பெயர் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் வக்கீல் தாளில் வேறு மாதிரியும் இருப்பதை விரலால் காட்டினார். பிறகு, "இவர் இறந்துவிட்டாரா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"இந்தத் தாளும் அதைத்தான் சொல்கிறது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று." பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பெயரைத் திருத்தி வாங்கி வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். தப்பிக்க ஒரு எழுத்துப் பிழை போதுமாக இருந்தது.

அந்த வாரம் வியாழனன்று அவனைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அரை மணி நேரம் கையே சரியாக வரவில்லை. பிறகு எட்டும் ஒன்பதும் வந்தன. நடுவில் ராஜா, ஆறு, ஐந்து. அவன் கொஞ்சம் வைத்தான், நானும் வைத்தேன். நாலாவது சீட்டு இரண்டு. நடுவில் நல்ல குவியல். நான் அந்த மேசையில் வைக்கக்கூடிய ஆகச் சின்னத் தொகையை வைத்தேன். ஒரு கிராம்பு.

நேரக் கோடு பச்சையாக இருந்தது. மஞ்சளானது. சிவப்பானது. ஜன்னல் கண்ணாடியில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, நான் அதையும் கேட்கவில்லை. கடைசி நொடியில் அவன் ஏற்றாமல் அதே அளவு வைத்தான்.

ஐந்தாவது சீட்டு ஜாக்கி. எனக்கு ஒன்றும் இல்லை. நான் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. சீட்டுகள் திரும்பின. அவன் கையில் இரண்டு ஆறு. முதல் மூன்று சீட்டு விழுந்தபோதே அவனுக்கு மூன்று ஆறு சேர்ந்துவிட்டது. ஜெயிக்கிற கையை வைத்துக்கொண்டு ஏற்றாமல், கடைசியிலும் பந்தயம் வைக்காமல், என்னை மீதிச் சீட்டைப் பார்க்க விட்டிருக்கிறான்.

ரைஹானாவிடம் சாயந்திரம் காட்டினேன். அந்த ஆட்டத்தைச் சீட்டுச் சீட்டாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். "மூணும் நாலும் உங்க கையில இருந்தா ரெண்டுலேருந்து ஆறு வரை ஸ்ட்ரெய்ட் வந்திருக்கும். அதுக்கு அவர் பயந்திருக்கலாம்" என்றாள். ஆனால் இந்தத் தடவை குரலில் பழைய தெளிவு இல்லை. அன்று அவள் தன் அறைக் கதவைத் திறந்துவைத்துத்தான் படித்தாள்.

7

சனிக்கிழமை செண்பகமே கூப்பிட்டுவிட்டாள். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம், யாரோ தக்காளி விலை கத்தும் சத்தம்.

"என்னண்ணே, ஒரு கையெழுத்துக்கு மூணு வாரமா? வக்கீலு எம்மேல எரிஞ்சு விழுதாரு. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன். சித்திரையிலிருந்து எல்லாவற்றையும். நேரக் கோடு, சின்னச் சீட்டு, மாறாத மூன்று மணி, ஒரு கிராம்பு. சொல்லும்போதே எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. மார்க்கெட் சத்தம் மெதுவாகத் தேய்ந்தது. எழுந்து எங்கேயோ ஒதுக்குப்புறமாக நடந்திருக்கிறாள்.

"அண்ணே," என்றாள். "அவிய தண்ணியோட போயிட்டாவன்னு ஏழு வருசம் அழுதேன். உசுரோட இருந்து சீட்டு வெளயாடிட்டு இருக்காவன்னா, அதுக்கு ஒரு நாளு கூட அழ மாட்டேன். தண்ணியில போயிருந்தாலும் செத்தவிய, அங்கன உக்காந்திருந்தாலும் எனக்குச் செத்தவியதான். நீங்க போடுங்க."

"சரிம்மா."

"கோர்ட்டுல இதச் சொல்லிராதீய."

"சொல்ல மாட்டேம்மா."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்த வெளயாட்டுக்கு என்ன பேருண்ணே?" என்றாள். சொன்னேன். எழுத்தையும் மேசை எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டாள். "வியாழக்கிழமன்னு சொன்னீய. நம்மூரு மணிக்கு மூணா?"

"மூணும்மா."

"அப்பம் எங்களுக்கும் கடையில ஆளு இருக்காது" என்று மட்டும் சொன்னாள்.

8

இந்த வியாழன் மேசையில் மூன்று பேர். நான், அவன், புதிதாக ஒருவர். புதியவர்களுக்கு விளையாட்டே "விருந்தாளி" என்று பெயர் வைத்து ஒரு எண்ணைக் கொடுக்கும். படம் இல்லை.

விருந்தாளிக்கு ஆடத் தெரியவில்லை. தன் முறை வரும்போது எந்தப் பொத்தானையும் தொடவில்லை. நேரக் கோடு முழுக்க ஓடி அணைந்தது, விளையாட்டே அந்தச் சீட்டைக் கவிழ்த்தது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. ஆடத்தெரியாதவர்கள் இரண்டு ஆட்டத்தில் எழுந்து போய்விடுவார்கள். இவர் போகவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டத்தில் சட்டென்று வைத்தான். இரண்டாவதில் கொஞ்சம் தாமதித்தான். மூன்றாவதில் விருந்தாளியின் கோடு அணைந்த பிறகு அவனுடைய கோடு ஓட ஆரம்பித்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. அதுவும் அணைந்தது. அவன் முறையை விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலாவது ஆட்டத்துக்குச் சீட்டுப் போடும்போது அவன் இடம் காலியாக இருந்தது.

நானும் விருந்தாளியும் மட்டும் மிச்சம். நான் வைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவருடைய கோடு இன்னும் ஏழெட்டுத் தடவை ஓடி அணைந்தது. ஊரில் மூன்றரை ஆனதும் விருந்தாளியும் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நோட்டரி அலுவலகத்துக்குப் போனேன். வக்கீல் பெயரைத் திருத்தி அனுப்பியிருந்தார். உரக்கப் படித்துக் காட்டச் சொல்வது அங்கே வழக்கம். எந்த விவரமும் அறியவில்லை என்ற இடம் வந்தபோது குரல் உடைந்தது. அந்த அம்மாள் துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்ததும் படம் எடுத்து அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் செண்பகம் கூப்பிட்டாள்.

"போட்டாச்சாண்ணே?"

"போட்டாச்சும்மா."

"ரொம்ப சந்தோசம்ணே. தையில நீங்க மதினியையும் புள்ளையையும் கூட்டிட்டு வந்துரணும். வராம இருந்துராதீய."

வருகிறோம் என்றேன். வியாழக்கிழமையைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சு முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "அவிய மெலிஞ்சிருப்பாவளோ?"

"தெரியலையேம்மா" என்றேன்.